கழற்றிப் பார்த்தே கற்ற மேதை

எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் உள்ள ஊர். வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் மழை விழுந்தால், ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்துவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பழைய டிராக்டர் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

பட்டறையில் ஸ்பானரைப் போட்டு முக்குவார்கள். போல்ட் அசையாது. துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். ஆத்திரத்தோடு இன்னும் முக்கினால், போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்துவிடும். அரை மணி வேலை, அரை நாள் வேலையாகும். மழை ஈரம் அதுவரை காத்திருக்குமா?

இரும்பிடம் கோபம் செல்லாது; பொறுமைதான் செல்லும். இந்தப் பாடத்தை வாத்தியார் இல்லாமல் கற்று, நாடே வியக்கும் மேதையானார் ஒரு தமிழர். அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

ஆசை பிறந்தது

கோவைக்கு அருகே கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே, 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆரம்பப் படிப்போடு நின்றுவிட்டார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! துரைசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப்போல் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது.

கையில் காசு இல்லை. கோவைக்குப் போனார். ஓட்டல் ஒன்றில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். தட்டு எடுத்தார், மேசை துடைத்தார், காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அது 'ரட்ஜ்' என்ற இங்கிலாந்து வண்டி.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார்! மறுபடி பூட்டினார். கழற்றுவதும் பூட்டுவதுமே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

அசையாத போல்ட்

வண்டி வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். பழைய வண்டியின் போல்ட்டும் மறையும் சும்மா கழன்று வராது. முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். ஓர் இரவு ஊறினால் இன்னும் நல்லது. பிறகு சுத்தியலால் மெள்ளத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட, துரு விட்டுக்கொடுக்கும்; எண்ணெய் உள்ளே இறங்கும்.

அளவு சரியான ஸ்பானரைத்தான் போட வேண்டும். தளர்ந்த ஸ்பானர் போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும். எடுத்த எடுப்பில் திறக்கப் பார்க்காமல், முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். எதற்கும் மசியாவிட்டால்தான் மறையைச் சூடு காட்டுவார்கள். சூட்டில் மறை விரியும், பிடி தளரும். பெட்ரோல், டீசல் இருக்கும் இடத்தின் அருகே மட்டும் நெருப்பைக் காட்டவே கூடாது.

ஒரு பஸ்ஸில் தொடங்கியது

துரைசாமி பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். பணம் வந்தது, பம்பாய்க்குப் போய் வியாபாரம் செய்ததில் வந்த பணம் போயிற்று. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் உட்காரவில்லை. பழையபடி எந்திரத்தின் பக்கமே திரும்பினார்.

கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை உதவினார். 1920-ம் ஆண்டு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடியது. டிரைவர் யார்? அவரேதான்! ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. 'யு.எம்.எஸ்.' என்ற அந்தக் கம்பெனி, நேரம் தவறாத பஸ் என்று பெயர் வாங்கியது.

நேரம் தவறாமல் பஸ் ஓட்டுவது லேசான காரியமா? அந்தக் காலத்து மோட்டார் வண்டிகள் சீமைச் சரக்கு. உதிரி பாகங்கள் கப்பலில் வர வேண்டும். ஒரு சிறு ஒழுகல் போதும், பஸ் நடுவழியில் நின்றுவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகினால் எஞ்சின் கொதிக்கும். எண்ணெய் ஒழுகினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

ஒழுகும் இடம் வேறு, ஈரம் தெரியும் இடம் வேறு. மேலே கசிவது கீழே வந்து சொட்டும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கே முதல் துளி அரும்புகிறதோ, அங்கேதான் கோளாறு. கேஸ்கட் மாற்றினால், போல்ட்டுகளை ஒரே ஓரமாக இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் கேஸ்கட் கிழிந்து, ஒழுகல் இரண்டு மடங்காகும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கை வெந்துவிடும்.

கைவிடாத மனிதர்

கழற்றிப் பூட்டியவர், புதிதாகச் செய்யவும் தொடங்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடு என்ற பொறியாளரோடு சேர்ந்து, இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்ய வழி கண்டார். மின்சார ச்வரக் கத்தி செய்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழிற்பள்ளி உருவாகக் காரணமாக இருந்தார். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷமே போதும் என்பது அவருடைய கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை, பதவியை விட்டு விலகினார்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் சிறிய காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! ஏழை எளியவரும் கார் ஏறும் காலம் வந்திருக்கும். ஆனால் லைசென்சு கிடைக்கவில்லை. கார் நின்றுபோயிற்று. துருவேறிய போல்ட்டை மசிய வைத்த கைகளால், சர்க்கார் கதவைத் திறக்க முடியவில்லை. அந்தக் குறை அவரோடு போயிற்று.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. அதே சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

உங்கள் வீட்டுப் பையன் பழைய சைக்கிளைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறானா? அடிக்காதீர்கள். கொஞ்சம் மண்ணெண்ணெயும், ஒரு பழைய துணியும் எடுத்துக் கொடுங்கள். கழற்றியதை ஒழுங்காகப் பூட்டி முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கழற்ற ஆசை இருந்தால் போதும். பூட்டப் பொறுமை பிறகு வரும். கலங்கல் கிராமத்துப் பையனுக்கும் அப்படித்தான் வந்தது.