கட்டணம் கட்ட முடியாத கணித மேதை

கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய எண்களைப் பற்றியே பேசுவர். அவர் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்றதையும், அங்கே பெற்ற சிறப்புகளையும் நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். கணிதத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் எனக்கு, அவருடைய தேற்றங்களை விளக்கும் தகுதி இல்லை. ஆனால் அவர் வாழ்வில் என் நெஞ்சைத் தொட்ட செய்தி வேறொன்று உண்டு. கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பை இழந்தவர் அவர் என்பதே அச்செய்தி. அரசு கலைக் கல்லூரியில் பயிலும் நம்மில் பலருக்கு அது தேற்றங்களைவிட எளிதில் விளங்கும்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். அவர் பெற்ற மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சிறு தொகை ஈட்டினார். வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்களை வீட்டில் தங்க வைத்து உணவளித்து, அதிலும் சில ரூபாய் சேர்த்தார். இப்படி மூன்று வழியாக வந்தும், மாதக் கடைசியில் கை வறண்டுதான் இருந்தது.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு அறிவே மூலதனம். 1897இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். அதனால் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பாதிக் கட்டணம் செலுத்திப் படிக்கும் சலுகை கிடைத்தது. 1904இல் மெட்ரிகுலேஷன் முடித்தபோது கணிதத்திற்கான பரிசையும் பெற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பட்ட கல்லூரி அது. அதுவரை அவர் ஏறிய ஒவ்வொரு படியும் மதிப்பெண்ணால் வாங்கிய படி என்பதை நாம் கருத வேண்டும். மதிப்பெண் தவறினால் அடுத்த படி இல்லை.

மதிப்பெண் தவறியது. 1903ஆம் ஆண்டில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களைக் கொண்ட அந்நூலில் பெரும்பாலும் முழு நிறுவல்கள் இல்லை. அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் அவர் மனம் மூழ்கிவிட்டது. எஃப்.ஏ. வகுப்பிலோ ஆங்கிலமும், உடலியலும், கிரேக்க உரோமானிய வரலாறும், வடமொழியும் கட்டாயப் பாடங்கள். அவற்றில் அவர் கருத்துச் செலுத்தவில்லை. உதவித்தொகை நிறுத்தப்பட்டது.

இந்த இடத்தில்தான் நான் சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று ஒரு பருவத்திற்குக் கல்லூரிக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஊதியம் மாதம் 20 ரூபாய். வீட்டில் ஒருவரும் உண்ணாமல் உடுத்தாமல் ஒன்றரை மாதத்திற்குமேல் இருந்தால்தான் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியும்! தாயார் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு, தம் மகனின் கணிதத் திறமையை எடுத்துக் கூறி வாதாடினார். முதல்வர் மரியாதையாகக் கேட்டுக் கொண்டார். ஆனால் விதி விதிதான் என்று கூறிவிட்டார்.

இராமானுஜன் தேர்வில் தோற்றதால் கல்லூரியை விட்டார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. அதே வகுப்பில் செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அதே மதிப்பெண் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தந்தை கடிந்து கொள்வார். அடுத்த பருவத்துக் கட்டணத்தைக் கட்டிவிடுவார். பையன் மறுபடியும் வகுப்பில் அமர்வான். வசதி உள்ளவனுக்குத் தோல்வி ஒரு தடுமாற்றம். வறியவனுக்கோ அது கல்லூரியின் வாயிற்கதவு அடைபடும் ஓசை.

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 17 வயது இளைஞர் வீட்டில் சொல்லாமல் இரயிலேறி விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பெற்றோர் தேடி அலைந்தனர். பின்னர் ஊர் திரும்பிய அவர், 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இடையில் நோய் வந்து படிப்பைக் கெடுத்தது. அவ்வாண்டு எஃப்.ஏ. தேர்விலும், மறு ஆண்டு தனித் தேர்வராக எழுதியபோதும் தோல்வியே கிட்டியது. பட்டத்தின் வாசல் அத்துடன் மூடிற்று.

அடுத்த சில ஆண்டுகள் அவர் வாழ்வின் இருண்ட காலம். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. தனிப்பாடம் சொல்லிப் பிழைக்க முயன்றார், அதுவும் நிலைக்கவில்லை. தாள் வாங்கக் காசில்லாததால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். இன்று உலகம் போற்றும் அக்குறிப்பேடுகளில் நிறுவல்கள் குறைவாக இருப்பதற்கு இந்தத் தாள் பஞ்சமும் ஒரு காரணம் என்பர். 1909இல் ஜானகி அம்மையாருடன் திருமணம் நடந்தது. இனி ஊதியம் தேடியே ஆக வேண்டும்.

குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீடு வீடாகச் சென்றார். திருக்கோவலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். அவரிடம் இராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை மட்டுமே. குறிப்பேட்டைப் புரட்டிய அவர், இத்தகைய அறிவைத் தாலுக்கா அலுவலகத்தில் முடக்க மனமின்றிச் சென்னைக்கு அனுப்பினார். கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்த சேஷு அய்யரும் துணை நின்றார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்தார். பிறர் பணத்தில் நெடுநாள் வாழ இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார்.

1913இல் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், ஹார்டியின் வியப்பும் நாம் அறிந்தவையே. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே அத்தொகை என்பது விதி. இராமானுஜனோ எஃப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். எனினும் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. 1905இல் ஒரு விதி அவரை வெளியே நிறுத்தியது; 1913இல் ஒரு விதி அவருக்காக வளைந்தது. விதிகள் மனிதர் ஆக்கியவை. மனிதர் மனம் வைத்தால் அவை வழிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கிடைத்தது. அதில் ஒரு பகுதி கும்பகோணத்து வீட்டிற்குச் சென்றது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பட்டம் அளித்தது. 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் போர்க்காலத்துக் குளிரும், உணவுக் குறையும், நோயும் அவர் உடலை உருக்கிவிட்டன.

அவர் தாயகம் திரும்பவிருந்த வேளையில், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில், நோயுற்ற நிலையில், அவர் நன்றி தெரிவித்துப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். அத்தொகை தமக்கு மிகுதி என்று கருதிய அவர், பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுன் தந்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சியதைக் கல்விப் பணிக்குப் பயன்படுத்துமாறு வேண்டினார். ஏழைப் பிள்ளைகளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், புத்தகம் வாங்கித் தரவும் அது உதவ வேண்டும் என்பது அவர் விருப்பம். தமக்கு அடைபட்ட கதவு பிறருக்கு அடைபடலாகாது என்று அந்த உள்ளம் எண்ணியதாகவே நான் கொள்கிறேன். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில், சென்னை சேத்துப்பட்டில் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! அரசின் உதவித்தொகைகள் இன்று நமக்குத் துணையாக உள்ளன. 2022இல் மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024இல் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. ஆயினும் தேர்வுக் கட்டணமும், விடுதிச் செலவும், வீட்டுக் கடனும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. முதலாண்டில் என் அருகில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், தந்தை நோயுற்றதால் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் சென்றுவிட்டார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர்மேல் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

இராமானுஜனுக்கு உதவியவர்கள் எல்லாரும் அவருடைய கணிதத்தை முழுதும் உணர்ந்தவர்கள் அல்லர். ஓர் இளைஞன் பணமின்றி வீணாகக் கூடாது என்று உணர்ந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. நம் வகுப்பில் ஒருவர் நான்கு நாள் வரவில்லை என்றால், ஏன் என்று நாம் விசாரிப்போம். கட்டணத்திற்காகத் தயங்கி நிற்பவரைப் பேராசிரியரிடம் அழைத்துச் செல்வோம். பெயரை நீக்கும் முன் காரணத்தைக் கேட்குமாறு நம் பேராசிரியப் பெருமக்களையும் பணிவுடன் வேண்டுகிறேன். அவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை; நம்முடன் படிக்க வந்தவர் என்பதே போதும்.