குடும்பத்தோடு போகலாமா? கல்கியிடம் கற்க ஒரு பாடம்

1931-ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நிகழ்ந்தன. மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அக்டோபர் மாதத்தின் கடைசி நாளன்று, தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் திரைக்கு வந்தது. அதே ஆண்டில், எஸ்.எஸ். வாசன் நடத்திவந்த 'ஆனந்த விகடன்' இதழில் ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர் ஆசிரியப் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் 'கல்கி' என்ற ஒற்றைச் சொல்லால் தமிழுலகம் அறிந்தவர் அவரே.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான வேலை. ரயில் வந்ததால் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் குடியிருந்தவர்கள் பட்டணம் சென்று படம் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புவது எளிதாயிற்று. படம் வந்ததால், போவதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. ஆனால், வீட்டில் உள்ள அனைவருக்கும் ரயில் கட்டணமும் அரங்கக் கட்டணமும் கொடுத்துப் புறப்படுமுன் குடும்பத் தலைவருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும்: இந்தப் படத்துக்குக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போகலாமா?

அன்றைய அரசிடம் இதற்கு விடை இல்லை. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தது. காவல் ஆணையரின் அதிகாரம் அதில் ஓங்கியிருந்தது. ஆட்சிக்கு எதிராக யாரேனும் எதையாவது சொல்லிவிடுவார்களோ என்பது அவர்களுடைய பெருங்கவலை. பெரியவர்களுக்கு மட்டும் என்று பிரிக்கும் 'ஏ' சான்றிதழ்கூட 1949-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது. ஆகவே, பார்த்துவிட்டு வந்து பக்குவமாகச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த ஆளாகத் தமிழில் முதன்மையாக விளங்கியவர் கல்கி. புதினங்களின் வெளிச்சத்தில் மங்கிப்போன அவருடைய இந்தப் பக்கத்தை இன்று நினைவுகூர்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

1899 செப்டம்பர் 9-ஆம் நாள், மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் எளிய குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை கிராமக் கணக்கர். திருச்சியில் பள்ளி இறுதி வகுப்பை எட்டிய நேரத்தில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தது, படிப்பை விட்டார், ஓராண்டு சிறையில் இருந்தார். 1923-இல் திரு.வி.க. ஆசிரியராயிருந்த 'நவசக்தி'யில் துணையாசிரியராகச் சேர்ந்து பத்திரிகைத் தொழிலைக் கற்றார். பிறகு ராஜாஜியின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குக்காக வெளிவந்த 'விமோசனம்' இதழின் பணியில் ஈடுபட்டார். குடியால் சிதைந்த குடும்பங்களைப் பற்றியே மாதந்தோறும் எழுதியவர் அவர். வீடு என்ற ஒன்றைப் பற்றிய அக்கறை, அவர் கலைகளைப் பற்றி எழுதத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் வேரூன்றிவிட்டது என்பது என் எண்ணம்.

இவ்விடத்தில் ஒரு தற்செயலைக் குறிப்பிடலாம். கிண்டித் தொழிற்பேட்டைக்குத் திரு.வி.க.வின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கலில்தான் கல்கி தொடங்கிய இதழின் அலுவலகம் பிற்காலத்தில் பல ஆண்டுகள் இயங்கியது. குருவும் சீடரும் தென்சென்னையின் ஒரே மூலையில் அக்கம்பக்கமாக நினைவுகூரப்பட்டார்கள்.

விகடனில் கல்கி 'ஆடல் பாடல்' என்ற பகுதியை எழுதினார். இசை, நாட்டியம், நாடகம், திரைப்படம் எல்லாம் அதில் இடம்பெற்றன. அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'கர்நாடகம்'. அச்சொல் சங்கீதத்தைக் குறிக்கும். அன்றைய பேச்சு வழக்கில் பழைய காலத்து மனிதரையும் குறிக்கும். தம் பெயரிலேயே தம் சார்பை அவர் சொல்லிவிட்டார். நான் இன்ன ருசி உடையவன், இந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன், நீங்கள் அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ எடுத்துக்கொள்ளலாம் என்று வாசகரிடம் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டதைப் போன்றது அது. ஒரு விமரிசகர் வாசகருக்குச் செய்யவேண்டிய முதல் மரியாதை இதுவே.

விகடன் அக்காலத்தில் ஒரு வீட்டில் ஒரே ஒருவர் படித்துவிட்டு வைக்கும் இதழ் அன்று. பாட்டி முதல் பள்ளிச் சிறுவன் வரை அது கைமாறியது. அத்தனை பேரும் படிக்கும் பக்கத்தில் எழுதியவர், அத்தனை பேரையும் அரங்கில் தம் பக்கத்து நாற்காலிகளில் உட்கார வைத்துக்கொண்டு படம் பார்த்தவராகவே எனக்குத் தோன்றுகிறார்.

1935-இல் வெளியான 'பக்த நந்தனார்' இதற்குச் சான்று. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடம் பூண்டார். அதற்கு 1 லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார் என்ற செய்தி நாடெங்கும் வியப்பாகப் பேசப்பட்டது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். பக்திக் கதை, பெரிய பாடகர்கள், தூய நோக்கம். குடும்பத்தோடு பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது என்றுதான் யாரும் எண்ணுவர். கல்கியோ அப்படத்தைக் கேலியால் துவைத்தெடுத்தார். அதில் நன்றாக நடித்திருப்பவை பனைமரமும் எருமையும் ஆடும்தான் என்ற பொருளில் அவர் எழுதியதைப் பழைய விகடன் வாசகர்கள் நெடுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தக் கேலிக்குள் ஒரு கொள்கை இருக்கிறது. ஆபாசம் இல்லை, அடிதடி இல்லை என்பதாலேயே ஒரு படம் குடும்பத்துக்கு ஏற்றதாகிவிடாது. அலுப்பும் ஒரு குற்றமே. மாதத்துக்கு ஒரு முறை பணம் சேர்த்துப் பட்டணம் போகும் குடும்பத்தை மூன்று மணி நேரம் கொட்டாவி விடச் செய்யும் படம், அந்தக் குடும்பத்துக்கு அநீதி இழைக்கிறது. பக்தியின் பெயரைச் சொல்லி அதற்கு விலக்கு அளிக்க அவர் மறுத்தார்.

விமரிசனத்தோடு அவர் நிற்கவில்லை. படமுலகின் மறுகரைக்கும் போனார். அவருடைய 'தியாக பூமி' விகடனில் தொடராக வந்தபோதே கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கிக்கொண்டிருந்தார். ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே தொடரை அலங்கரித்தன. 1939 மே மாதம் படம் வெளியாயிற்று. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி, குழந்தையாகப் பேபி சரோஜா. கணவனால் கைவிடப்பட்ட பெண், பின்னர்ச் செல்வமும் செல்வாக்கும் பெற்ற நிலையில், அவன் சேர்ந்து வாழ அழைத்து வழக்காடும்போது மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள். முடிவில் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறாள். 1939-இல் இது எவ்வளவு துணிச்சலான கதை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இதைப் பெண்பிள்ளைகள் பார்க்கலாமா என்று கேட்ட வீடுகளும் இருந்திருக்கும்; பார்த்தே ஆகவேண்டும் என்று புறப்பட்ட வீடுகளும் இருந்திருக்கும்.

காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பின்னர் ஆங்கில ஆட்சி அப்படத்தைத் தடைசெய்தது. தடையாணை வரப்போகிறது என்று தெரிந்ததும், சென்னை கெயிட்டி அரங்கில் படத்தைக் கட்டணமின்றிக் காட்டினார்கள். கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறை தடியடி நடத்தவேண்டியதாயிற்று. குழந்தை குட்டிகளோடு மக்கள் திரண்டுபோய்ப் பார்த்த படத்தையே பொதுமக்களுக்கு ஏற்றதன்று என்று ஓர் அரசு முடிவுசெய்தது. யார் எதைப் பார்க்கத் தகும் என்பதை அலுவலகத்தில் தீர்மானிப்பதற்கும் வீட்டில் தீர்மானிப்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் திரை வரலாற்றில் குறைவு.

1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபடுவதற்காகக் கல்கி விகடனை விட்டு நீங்கினார். மூன்று மாதச் சிறைவாசம் முடிந்து வந்ததும், நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 'கல்கி' இதழைத் தொடங்கினார். 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். சுப்புலட்சுமி ஈட்டிய பணம் அந்த இதழுக்கு முதலாயிற்று. 1945-இல் எம்.எஸ். நடித்த 'மீரா' படத்துக்குக் கல்கி பாட்டும் எழுதினார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். படமுலகோடு இவ்வளவு உறவு வைத்திருந்தவர் படங்களுக்கு எப்படித் தீர்ப்பு வழங்கலாம்? இந்த ஆட்சேபத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால், கல்கியின் உறவுகள் ஒளிவுமறைவானவை அல்ல. சதாசிவம் யார், எம்.எஸ். யார், அவர்களுக்கும் அந்த இதழுக்கும் என்ன தொடர்பு என்பதை வாசகர்கள் அறிவார்கள், அறிந்தே படித்தார்கள். தெரிந்த சார்பைத் தராசில் ஒரு கல்லை எடுத்துவிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். தெரியாத சார்பை என்ன செய்வது? முகமற்ற பாராட்டும் முகமற்ற வசையும் விலைக்குக் கிடைப்பதாகப் பேசப்படும் இக்காலத்தில், அந்த வேறுபாடு சிறியதன்று.

அவருக்கு எல்லைகளும் இருந்தன. அவர் மனத்தில் இருந்த குடும்பம் பெரும்பாலும் இதழ் வாங்கிப் படிக்கும் நடுத்தரக் குடும்பம். குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயரால் உருவானதுதான் நம் குரோம்பேட்டை. அதைப் போன்ற தொழிற்சாலைகளில் தோல் பதனிட்டுவிட்டு, மாலையில் டூரிங் கொட்டகையின் மணல்தரையில் மனைவி மக்களோடு உட்கார்ந்தவர்களும் குடும்பத்தினரே. அவர்களுக்கு எது களிப்பு, எது கூச்சம், எது ஆறுதல் என்பதை 'கர்நாடகம்' அதிகம் கேட்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். குடும்பம் என்ற சொல்லை ஒருமையில் சொல்லும்போதே இந்த ஆபத்து ஒட்டிக்கொள்கிறது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். தாம்பரம் வித்யா, நேஷனல், எம்.ஆர்., குரோம்பேட்டை வெற்றி என்று இப்பகுதி மக்களுக்குப் பழகிய அரங்குகளின் வரிசையைத் தாண்டி, படம் இப்போது வீட்டுக்கூடத்துக்கே வந்துவிட்டது. 1983 முதல் 'யு/ஏ' என்ற இடைநிலைச் சான்றிதழ் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இது நல்ல ஏற்பாடுதான். ஆயினும், சேலையூரில் என் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை: குடும்பத்தோடு பார்க்கலாமா? என்னிடம் கேட்பவர்களுக்கு நான் மூன்று நான்கு வாக்கியங்களில் பதில் சொல்வது வழக்கம். எனக்குப் பிடித்ததா, ஏன், எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தக் காட்சி உறுத்தும், வயதானவர்கள் எங்கே முகம் சுளிப்பார்கள் என்ற அளவில் அது முடிந்துவிடும். போங்கள், போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. அண்மையில் தந்தையை இழந்த ஒரு குழந்தைக்கு, எல்லா வயதினருக்கும் உரிய 'யு' படத்தின் ஒரு மரணக் காட்சியே தாங்க முடியாததாக இருக்கும். அதை எந்த வாரியமும் அறியாது; அந்த வீட்டின் தாய் அறிவாள். அவளுக்கு வேண்டியது தீர்ப்பன்று, தகவல்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, முதல் பாகம் 'யு/ஏ' சான்றிதழ் பெற்றது. பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்கள் பார்க்கலாம் என்பது அதன் பொருள். அந்த நாவலை எத்தனையோ சிறுவர் சிறுமியர் கோடை விடுமுறையில், யாருடைய வழிகாட்டுதலும் இன்றி, ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படித்து முடித்திருக்கிறார்கள். எழுத்தில் விழும் வெட்டும் திரையில் விழும் வெட்டும் ஒன்றல்ல என்பது உண்மை. அவ்வேறுபாட்டை ஒரு முத்திரை சுட்டத்தான் முடியும். விளக்கிச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

1954 டிசம்பர் 5-ஆம் நாள், 55-ஆவது வயதில் கல்கி மறைந்தார். எழுதிக்கொண்டிருந்த 'அமர தாரா'வை அவருடைய மகள் ஆனந்தி நிறைவுசெய்தார். 'அலை ஓசை'க்கு 1956-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வரலாற்று நாவலாசிரியர், இதழாசிரியர், விடுதலைப் போராளி, தமிழிசைக்காக வாதாடியவர் என்று அவருக்குப் பல பெருமைகள் உண்டு. அந்த வரிசையின் கடைசியிலாவது, காசு கொடுத்துப் படம் பார்க்கப் போகும் குடும்பத்தின் சார்பில் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்ற ஒன்றையும் சேர்க்கவேண்டும்.

இன்று படங்களைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் எண்ணற்றவர். நட்சத்திரப் புள்ளிகளும் வசூல் கணக்குகளும் குவிகின்றன. அவர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. உங்கள் ருசி இன்னதென்று முதலில் சொல்லுங்கள். படத்தோடு உங்களுக்கு உறவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறகு, உங்கள் தாயையும் பத்து வயது மகளையும் இருபுறமும் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பீர்களா என்பதை ஒளிக்காமல் ஒரு வரியில் எழுதுங்கள். போவதா வேண்டாமா என்பதை வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.