திருவடியில் திறந்த கண்: திருமழிசைப்பிரான் வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பூந்தமல்லியைக் கடந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த திருவூர் திருமழிசை. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், இவ்வூரிலேயே சிட்கோ தொழிற்பேட்டையும் இயங்குவதால், இம்மாவட்டத்தை இன்று பலரும் ஆலைகளைக் கொண்டே அடையாளம் சொல்கிறார்கள். சரக்கு லாரிகளின் இரைச்சலைத் தாண்டி ஜகந்நாதப் பெருமாள் சந்நிதிக்குள் புகும் அடியார்களுக்கோ இது மஹீஸார க்ஷேத்ரம். தவத்துக்கு உகந்த இடம் எது என்று மஹரிஷிகள் பிரமனிடம் விண்ணப்பிக்க, விச்வகர்மா ஒரு தட்டில் பூமி முழுவதையும் மறுதட்டில் இத்தலத்தையும் வைத்து நிறுத்தபோது, இத்தலம் இருந்த தட்டே தாழ்ந்தது என்பது தலவரலாறு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ஸாரமாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஊரின் பெயரே சொல்லி வைத்திருக்கிறது. இவ்வூரில் அவதரித்த திருமழிசையாழ்வாரின் வைபவத்தை, காண்பது என்றால் என்ன என்ற கேள்வியோடு இம்முறை அநுபவிக்க விழைகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. பெண்ணின் திருமணம் தள்ளிப் போனாலும், பிள்ளையின் விசா தாமதமானாலும், முக்காலமும் தெரியும் என்பவரைத் தேடி ஓடுவது ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களிலும் வழக்கமாகிவிட்டது. கேட்டால், ஆழ்வார்களுக்கும் ஞானதிருஷ்டி இருந்ததே என்று பதில் வருகிறது. இருந்தது உண்மை. அதைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தை மாதம் மக நக்ஷத்திரத்தில், பார்க்கவ மஹரிஷிக்கும் கனகாங்கிக்கும் பன்னிரண்டு மாதம் கர்ப்பவாசம் செய்து, கை கால் உருவம் தெரியாத பிண்டமாக ஆழ்வார் பிறந்தார். பெற்றவர்கள் அதைப் பிரம்புத் தூற்றின் கீழ் இட்டுச் சென்றனர். ஞானக்கண் படைத்த ரிஷியின் கண்ணுக்கும் அது வெறும் பிண்டமாகவே பட்டது! ஜகந்நாதப் பெருமாளின் கடாக்ஷத்தால் அது குழந்தையாகி அழ, அவ்வழியே வந்த பிரம்பறுக்கும் திருவாளன் அதை எடுத்துச் சென்று மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். பால் பருகாதிருந்த அக்குழந்தைக்கு முதியவர் ஒருவர் தம் மனைவியோடு வந்து அன்புடன் பசும்பால் சமர்ப்பித்தார். குழந்தை பருகி மிச்சம் வைத்த பாலை உண்ட அத்தம்பதிக்குப் பிறந்தவரே, பின்னாளில் ஆழ்வாரை நிழல் போலத் தொடர்ந்த கணிகண்ணன்.

வளர்ந்த ஆழ்வார் எதையும் கேள்விப்பட்ட அளவில் ஏற்கவில்லை. சாக்கியம், சமணம், சைவம் என்று ஒவ்வொரு சமயத்தையும் உள்ளே புகுந்து கற்றார். அவருடைய கூர்மைக்குக் குறைவே இல்லை. இருந்தும் நிலைபெற ஓர் இடம் கிட்டவில்லை. அப்போதுதான் பேயாழ்வார் அவர் போகும் வழியில் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் வார்த்துக்கொண்டிருந்தார். இது பித்தரின் செயலன்றோ என்று ஆழ்வார் வினவ, வேரை விட்டு இலைக்கு நீர் வார்க்கும் அறிவைக் காட்டிலும் இது பெரிய பித்தன்று என்பது தோன்றப் பேயாழ்வார் விடையிறுத்தார். அங்கே தொடங்கிய வாதத்தின் முடிவில் ஆழ்வார் பேயாழ்வாரையே ஆசாரியராகப் பற்றிப் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றார். திருக்கோவலூர் இடைகழியில் பொய்கையாரும் பூதத்தாரும் விளக்கேற்ற, அவ்வொளியில் எம்பெருமானைக் கண்டவர் பேயாழ்வார். எல்லாவற்றையும் தாமே ஆராய்ந்து பார்த்த ஒருவருக்கு, ஏற்கெனவே கண்ட ஒருவர் காட்டிக் கொடுத்தே காட்சி கிடைத்தது. இது நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலை.

பின்பு திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் யோகத்தில் எழுந்தருளியிருந்தார். அவர் இப்பூவுலகில் 4700 ஆண்டுகள் வாழ்ந்ததாகக் குருபரம்பரை பேசும். வரலாற்று ஆய்வாளர் பலர் அவரைப் பல்லவர் காலத்தில், கி.பி. 7-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பர். நாம் அந்தக் கணக்கில் இறங்கவில்லை.

ஒருநாள் உமையோடு இடபத்தின் மீது ஆகாயத்தில் வந்த ருத்ரன், இவருக்கு வரம் தர இறங்கினார். ஆழ்வாரோ கந்தையைத் தைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார். வற்புறுத்தவே, மோக்ஷம் தர இயலுமா என்று கேட்டார். இயலாது என்றறிந்து, இந்த ஊசியின் பின்னே நூல் தொடர்ந்து வர அருளினால் போதும் என்றார். சினந்த ருத்ரன் நெற்றிக்கண்ணைத் திறக்க, ஆழ்வார் தம் வலக்கால் பெருவிரலில் ஒரு கண்ணைத் திறந்தார். அதன் தீ பரவவே மேகங்களை ஏவி மழை பொழிவித்து அடக்க வேண்டியதாயிற்று. ஆழ்வாரின் உறுதியைக் கண்டு மகிழ்ந்த ருத்ரனே அவருக்குப் பக்திஸாரர் என்று திருநாமம் சாற்றினார். இதை ஒரு தெய்வம் தோற்ற கதையாக மட்டும் சொல்லிச் சிரிப்பவர்கள், அத்திருநாமத்தைத் தந்தவர் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள். மஹீஸாரத்தில் பிறந்தவரிடம் ஸாரத்தைக் கண்டு சொன்ன பெருமை அவருடையது.

கண் ஏன் காலில் திறந்தது? அடியோங்களுக்குத் தோன்றுவது இவ்வளவே: நெற்றி ஆளுமைக்கு உரிய இடம், கால் ஏவலுக்கு நடக்கும் உறுப்பு. அடிமை என்று தம்மை உணர்ந்தவருக்குப் பார்வையும் அங்கிருந்தே பிறந்தது.

தூரதிருஷ்டி என்றவுடன் நமக்கு ஸஞ்ஜயன் நினைவு வரும். வியாஸர் அருளால் குருக்ஷேத்ரத்துப் போர் முழுவதையும் அறிந்து திருதராஷ்டிரனுக்குச் சொன்னவர். ஆனால் மஹாபாரதத்தில் அதற்கு முன்பே, உத்யோக பர்வத்தில், கண்ணனை நீ அறிந்திருக்க நான் அறியாதது ஏன் என்று மன்னன் கேட்கிறான். வஞ்சனையைத் தாம் நாடுவதில்லை என்றும், தூய பக்தியால் சாஸ்திரத்தைக் கொண்டு ஜநார்த்தனனை அறிவதாகவும் ஸஞ்ஜயன் விடை சொல்கிறார். தெளிவு அவருக்கு முன்பே இருந்தது; தொலைவில் காணும் கண் பிறகு ஒரு வேலைக்காக வந்தது. வேலை முடிந்தபின் அது அவரிடம் இருந்ததா என்று யாரும் கவலைப்படுவதில்லை.

ஆழ்வாரிடமும் அவ்வாறே. புலியின் மேல் ஆகாயத்தில் சென்ற சுக்திஹாரன் என்ற ஸித்தன், அவரைக் கடந்து செல்ல மாட்டாமல் புலி நின்றதைக் கண்டு வியந்து இறங்கினான். இரும்பைப் பொன்னாக்கும் குளிகையைக் கொங்கண ஸித்தர் கொண்டு வந்து கொடுத்தார். இருவரும் தங்கள் ஸித்தி அங்கே செல்லாததை உணர்ந்து வணங்கிப் போயினர். குகையில் கண்மூடியிருந்த அவரிடமிருந்து எழுந்த பேரொளியைத் தொலைவிலிருந்தே கண்டு முதலாழ்வார்கள் மூவரும் தேடி வந்து, அவரோடு கூடியிருந்தனர். இவ்வளவு பெருமைக்குப் பிறகு நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே நம் நெஞ்சை அதிகம் தொடுகிறது. திருமேனியில் சாற்றிக்கொள்ளத் திருமண் தீர்ந்துபோயிற்று. ஆழ்வார் தேடினார், கிடைக்கவில்லை, வருந்தினார். புலியை நிறுத்தியவருக்கு மண் இருக்கும் இடத்தைக் காண ஒரு கணம் போதாதா? அவர் அந்தக் கண்ணைப் பயன்படுத்தவில்லை. திருவேங்கடமுடையான் கனவில் எழுந்தருளி இடத்தைக் காட்டியருள, அதன்பின் எடுத்துச் சாற்றிக்கொண்டார்.

திருவெஃகாவில் இருந்தபோது, தமக்குப் பணிவிடை செய்த மூதாட்டியைக் கடாக்ஷித்து இளமை அருளினார். இரக்கத்தால் செய்த அதுவே தொல்லையாக முடிந்தது. அவளை மணந்த பல்லவ மன்னன் தனக்கும் இளமை வேண்டுமென்று கணிகண்ணனை நெருக்கினான், பாடச் சொன்னான், மறுத்தவரை நாடுகடத்தினான். கணிகண்ணன் புறப்பட ஆழ்வார் புறப்பட்டார். ஆழ்வார் விண்ணப்பிக்கப் பெருமாளும் நாகப்பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னே எழுந்தருளினார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை. பிழை உணர்ந்த மன்னன் வேண்ட, அவ்வண்ணமே திரும்பினர். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமம் இன்றும் அதைச் சொல்லும்.

அடுத்ததைச் சற்று நின்று அநுபவிக்க வேண்டும். குடந்தை செல்லும் வழியில் பெரும்புலியூரில் ஆழ்வார் ஒரு திண்ணையில் இளைப்பாறினார். உள்ளே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், இவரைக் குலத்தால் தாழ்ந்தவர் என்றெண்ணி ஓதுவதை நிறுத்தினர். குறிப்பறிந்த ஆழ்வார் தாமே எழுந்து விலகினார். மீண்டும் தொடங்க முயன்றவர்களுக்கு விட்ட இடம் நினைவில் இல்லை. அவமதிக்கப்பட்டவர் அதைக் கண்டு மனத்துக்குள் மகிழ்ந்திருந்தாலும் உலகம் குற்றம் சொல்லாது. ஆழ்வாரோ ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். அவர்கள் நிறுத்தியது அப்பொருளுடைய வாக்கியத்தில். வாய் திறந்து ஓதினால் அவர்கள் மனம் வருந்தக்கூடும் என்று சைகையோடு நிறுத்திய நயத்தைக் காணுங்கள். தம்மைச் சிறுமை செய்ததைக் காணாமல், அவர்கள் வேதத்தை இழந்து நிற்பதை மட்டும் கண்ட கண் அது. அவர்கள் வெட்கி வணங்கினர்.

அவ்வூர்ப் பெருமாள் ஆழ்வார் நடந்த திசைதோறும் திருமுகம் திருப்புவதைக் கண்ட அர்ச்சகர்கள், யாகம் செய்துகொண்டிருந்த பெரும்புலியூர் அடிகளிடம் அறிவித்தனர். அவர் ஆழ்வாரை அழைத்து வந்து அக்ரபூஜை செய்தார். யாகசாலையில் இருந்த சிலர் கடுஞ்சொல் கூறினர். தம்மைப் பற்றிய பேச்சுக்கு அசையாத ஆழ்வார், அடிகள் கண்கலங்குவதைப் பொறுக்கவில்லை. தம் உள்ளே இருப்பவனை வெளியே காட்டியருள வேண்டினார். பாற்கடலில் அரவணை மேல் பிராட்டிமாரோடு பள்ளிகொண்ட திருக்கோலம் ஆழ்வாரின் திருமேனியிலேயே அனைவர் கண்ணுக்கும் தெரிந்தது. இகழ்ந்தவர்களே விழுந்து வணங்கி அவரைப் பிரம்மரதத்தில் ஏற்றித் தாங்கினர்.

குடந்தை சேர்ந்தபின் தம் சுவடிகளையெல்லாம் காவிரியில் விட்டார். 96 பாசுரங்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதியும், 120 பாசுரங்கள் கொண்ட திருச்சந்தவிருத்தமும் மட்டும் ஓட்டத்தை எதிர்த்து அவர் திருவடிக்கே திரும்பின. பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானத்தோடு நாம் அவற்றைச் சேவிக்க முடிவது அந்த நீரின் கருணை.

ஆராவமுதன் சந்நிதியில் நின்றபோது ஆழ்வாருக்குக் கிடந்த திருக்கோலத்தின் அழகு கண்ணில் பட்டதோடு அமையவில்லை. உலகளந்தும் காடு நடந்தும் அந்தத் திருவடிகள் நொந்தனவோ, அதனால்தான் சயனமோ என்று அவருக்குக் கவலை வந்தது. எழுந்திருந்து பேசியருள வேண்டும் என்று கேட்டார். எம்பெருமான் உடனே எழ முற்பட, ஆழ்வார் பதறி வாழ்த்தி, அந்நிலையிலேயே இருக்க வேண்டினார். பாதி எழுந்த அந்த உத்தான சயனத்தை இன்றும் குடந்தையில் சேவிக்கிறோம். அன்று முதல் பெருமாளுக்கு ஆராவமுதாழ்வான் என்றும், ஆழ்வாருக்குத் திருமழிசைப்பிரான் என்றும் திருநாமங்கள் மாறி வழங்கலாயின.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்