அளந்தறிந்த அறிஞர்

உணவை மென்று சுவைத்தற்கும் சொல்லைத் திருத்தமாக ஒலித்தற்கும் பல் இன்றியமையாதது. முற்காலத்தில் பல் சொத்தையுற்றால் அதனைப் பிடுங்குவதே எளிய மக்கட்குரிய வழியாக இருந்தது. அந்நிலையை மாற்ற உழைத்தோருள் தலைசிறந்தவர் கிரீன் வார்டிமன் பிளாக் என்னும் அமெரிக்க அறிஞர் ஆவார்.

இவர் 1836ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்து வின்செஸ்டர் என்னும் ஊரை அடுத்து, உழவர் குடியில் பிறந்தார். இளமையில் பள்ளிப் படிப்பில் இவருக்கு நாட்டம் இல்லை; காடும் கழனியுமே பள்ளியாயின. பதினேழாம் வயதில், மருத்துவராக விளங்கிய தமையனாரிடம் மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1857இல் பல் மருத்துவர் ஒருவரிடம் சிறிது காலமே பயின்று, அத்தொழிலை மேற்கொண்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணிபுரிந்து, முழங்காலில் ஊறுபட்டு மீண்டபின், ஜாக்சன்வில் நகரில் குடியேறினார். அங்கே நோயாளர்க்குத் தொண்டு செய்தலோடு அமையாது, இடைவிடாது கற்றும் ஆய்ந்தும் வந்தார்.

அந்நாளில் பல்லின் குழியைப் பொற்றகட்டால் அடைப்பர். பொன்னோ எளியோர்க்கு எட்டாத பொருள். வெள்ளிப் பொடியைப் பாதரசத்தோடு குழைத்த இரசக்கலவை மலிவானது. ஆயினும் அது ஒருகால் சுருங்கிப் பல்லினின்று விலகும். ஒருகால் விரிந்து பிதுங்கும். பாதரசம் நஞ்சாயிற்றே என்னும் அச்சமும் நிலவியது. 1845இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒன்று, அக்கலவையைத் தொடுவதில்லையென உறுப்பினர் உறுதி கூறவேண்டும் என்று வற்புறுத்தியது. பூசல் முற்றி, 1856இல் அச்சங்கமே கலைந்தது. அதன் பின்னரும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

பிளாக் எப்பக்கமும் சேர்ந்து வாதிட்டாரல்லர், அளந்து பார்க்கலானார். கலவை இறுகுங்கால் உண்டாகும் மிக நுண்ணிய விரிவையும் சுருக்கத்தையும் அளக்கக் கருவி அமைத்தார். மெல்லும்போது தாடை தரும் அழுத்தத்தை அளக்கவும் கருவி கண்டார். வெள்ளீயம் மிகுந்தால் கலவை சுருங்கும், வெள்ளி மிகுந்தால் விரியும் என்பது புலனாயிற்று. எனினும், ஒரே அளவில் சேர்த்த உலோகங்களும் சிலபோது வேறுவேறு பயன் தந்தன. பலர் இதனைக் கண்டு மனம் சலித்திருப்பர். பிளாக் அதன் காரணத்தையும் தேடினார். புதிதாய் அராவிய பொடியும், நாட்பட்ட அல்லது வெப்பமூட்டிய பொடியும் ஒன்றுபோல் இறுகா என்னும் உண்மையைக் கண்டுபிடித்தார். வெள்ளி பெரும்பங்கும், வெள்ளீயம் அடுத்த பங்கும், செம்பும் துத்தநாகமும் சிறிதளவும் சேர்ந்த உலோகக்கலவையே ஏற்றது எனத் தெளிந்தார். 1895, 1896 ஆகிய ஆண்டுகளில் தம் முடிவுகளை யாவரும் அறிய வெளியிட்டார். உற்பத்தியாளர்கள் அவ்வழியைப் பின்பற்றினர். ஏழையின் பல்லும் நிலைத்தது.

1897இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்குத் தலைவரானார். 1908இல் பல் சீரமைப்புப் பற்றி இரு தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். 1915இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பாதரசத்தால் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைதலின், அக்கலவையின் பயனைக் குறைக்க 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை வழிவகுத்தது. இன்று பல்லின் நிறமுடைய வேறு பொருள்கள் அதன் இடத்தைப் பெற்று வருகின்றன. எனினும், அவையும் எவ்வளவு சுருங்கும், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அளந்தே ஏற்கப்படுகின்றன. பிளாக் கண்ட பொருள் பழையதாகலாம். அவர் காட்டிய நெறி பழையதாகாது. பூசலிட்டுத் தீராத வழக்கைப் பொறுமையோடு ஆய்ந்து தீர்த்தமையே அவர்தம் பெருமையாகும்.