கிளாடு பெர்னார்டு

பிரான்சு நாட்டில் வில்பிராஞ்சு நகரை அடுத்துள்ள ஒரு சிற்றூரில், திராட்சை பயிரிட்டு வாழ்ந்த எளிய குடும்பத்தில், 1813ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் கிளாடு பெர்னார்டு தோன்றினார். குடும்ப நிலை காரணமாக இளமையிலேயே இலியோன் நகரையடைந்து ஒரு மருந்துக்கடையில் பணியாளராக அமர்ந்தார். ஓய்வு நேரங்களில் நாடகம் எழுதினார். தாம் இயற்றிய நாடகமொன்றை எடுத்துக்கொண்டு பாரிசு சென்று, திறனாய்வாளர் ஒருவரிடம் காட்டினார். அவரோ நாடகத்தை விடுத்து மருத்துவம் பயிலுமாறு அறிவுறுத்தினார். நாடக உலகுக்கு அதனால் நேர்ந்த இழப்புப் பெரிதன்று. மருத்துவ உலகு பெற்ற பேறோ அளவிடற்கரியது.

மருத்துவப் பயிற்சிக்குரிய தேர்வில் தேறிய 29 பேருள் அவர் பெற்ற இடம் 26. ஆயினும், மசெந்தி என்னும் பேராசிரியர் அவருடைய கைத்திறனைக் கண்டு தம் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்.

முயலின் கழுத்து வழியே செல்லும் நரம்பு ஒன்றை அறுத்தால் அப்பக்கத்துக் காது குளிர்ந்துவிடும் என்று பெர்னார்டு எண்ணினார். 1851ஆம் ஆண்டில் அவ்வாறே அறுத்துப் பார்த்தார். காது குளிரவில்லை, மாறாகச் சிவந்து சூடேறியது. எண்ணியதற்கு மாறாயிற்றே என்று அவர் அதனை ஒதுக்கிவிடவில்லை. மேலும் துருவி ஆய்ந்தார். குருதிக்குழாய்களைச் சுருக்கும் ஆணை அந்நரம்பின் வழியே செல்வதும், ஆணை நின்றதும் குழாய்கள் விரிவதும் அடுத்த ஆண்டுகளில் அவராலும் பிறராலும் தெளிவாயின. 1858ஆம் ஆண்டில், உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்லும் வேறொரு நரம்பைத் தூண்டினால் அங்குள்ள குழாய்கள் விரிவதையும் அவர் காட்டினார். சுருக்கும் நரம்பும் விரிக்கும் நரம்பும் தனித்தனியே உண்டு என்பது இவ்வாறு நிலைபெற்றது.

குழாய் விரியும்போது அதன் சுவரில் நிகழ்வது யாது? அதனைப் பிற்காலத்தாரே கண்டனர். தமனியின் சுவரில் வரியற்ற தசை வளையம் வளையமாகச் சூழ்ந்துள்ளது. அத்தசையின் ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்துள்ள மெல்லிய படலத்தில், பொட்டாசியம் வெளியேறுதற்கென நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றைப் பொட்டாசியக் கால்வாய்கள் என்பர். அவை திறந்தால், நேர்மின்னூட்டம் உடைய பொட்டாசிய அயனிகள் வெளியே செல்லும்; உயிரணுவின் உட்புறத்தில் எதிர்மின் தன்மை மிகும். அது மிகவே, கால்சியம் உட்புகும் வாயில்கள் அடைபடும். தசை சுருங்குவதற்குக் கால்சியம் இன்றியமையாதது. அது குறையவே தசை தளரும். குழாய் அகன்று குருதி தடையின்றிப் பாயும். ஒரு வாயில் திறப்பதனால் மற்றொரு வாயில் அடைபடும் இவ்வமைப்பு வியக்கத்தக்கதன்றோ!

பெர்னார்டின் ஆய்வுகளுக்கு உயிருள்ள விலங்குகள் பல இரையாயின. அவர் மனைவியார் இச்செயலைப் பெரிதும் வெறுத்தார். மகளிர் இருவரும் தாயின் பக்கமே நின்றனர். இறுதியில் கணவனும் மனைவியும் பிரிந்தனர். நோயாளர் பலர் பிற்காலத்தில் பெற்ற நன்மையை எண்ணினும், அவ்வம்மையாரின் வெறுப்பைக் குற்றமென்று தள்ளிவிடல் எளிதன்று.

உடல்நலம் குன்றித் தம் ஊருக்குத் திரும்பியிருந்த காலத்தில் எழுதி, 1865ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுமுறை நூல் பெரும்புகழ் ஈட்டியது. 1878ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 10ஆம் நாள் பாரிசு நகரில் பெர்னார்டு இயற்கை எய்தினார். அதற்குமுன் எந்த அறிவியலாருக்கும் அளிக்கப்படாத சிறப்பாக, பிரான்சு நாட்டு அரசே அவர்தம் இறுதிச் சடங்கை நடத்தியது.