கனவு கண்டு கண் விழித்தவர்

எங்கள் வீடு போவன்பள்ளியில் இருக்கிறது. பாட்டனார் படைத்துறைப் பணிக்காகச் சிக்கந்தராபாத் வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் வட்டாரத்துப் பெரிய காய்கறிச் சந்தையில் குவியும் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்ற செய்தியை 2021-ஆம் ஆண்டில் நாடே பேசியது. அழுகிய கத்தரிக்காய் விளக்கெரிக்கிறதா என்று வியந்தேன். வெயிலால் அடுப்பெரிக்கவும், வானத்து நீரைக் குழாய் வழியே இழுக்கவும் 1905-ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்மணி கதையில் வழி வகுத்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர்தாம் பேகம் ரொக்கேயா சகாவத் உசேன்.

இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்கப்பூர் வட்டாரத்துப் பைராபந்து என்னும் சிற்றூரில், 1880-ஆம் ஆண்டு ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆண்பிள்ளைகள் கல்கத்தா சென்று ஆங்கிலம் பயின்றனர். பெண்பிள்ளைகளுக்கோ உயர்ந்த மதிலும் திரைச்சீலையுமே உலகம். ஐந்து வயதுச் சிறுமி, வீட்டிற்கு வரும் வேற்றுப் பெண்களின் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டும்! வங்கமொழியும் ஆங்கிலமும் அவளுக்கு ஆகாதவை. ஆயினும் அண்ணன் இபுராகீம், வீடு உறங்கிய பின் விளக்கேற்றித் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். அக்காள் கரீமுன்னிசா வங்கமொழி கற்பித்தார்.

பாகல்பூரில் அரசு அலுவலராய் இருந்த சகாவத் உசேன் அவரை மணந்தார். மனைவியின் எழுத்தைக் கண்டு மகிழ்ந்த கணவர் அவர். ஒருமுறை அவர் வெளியூர் சென்றிருந்தபோது, பொழுது போக்குவதற்காக ரொக்கேயா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர், உட்காரவும் மறந்து நின்றபடியே அதைப் படித்து முடித்தாராம். அதுவே சுல்தானாவின் கனவு. அதை அச்சேற்றியது எந்த ஊர்? நம் சென்னை! கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-இல் அங்குத் தொடங்கிய இந்தியன் லேடீஸ் மேகசின் என்னும் ஆங்கில இதழில் 1905-இல் அது வெளிவந்தது.

கதை என்ன? ஒரு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் ஆட்சி புரிகிறார்கள். முன்பு ஆண்கள் பகைவரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றபோது, பெண்கள் பல்கலைக்கழக மாணவியர் கதிரவனின் வெப்பத்தைத் திரட்டிப் பகைவர்மேல் பாய்ச்சி நாட்டைக் காத்தனர். களைத்து உள்ளே போன ஆண்கள் உள்ளேயே இருந்துவிட்டனர். அங்கே அலுவலக வேலை இரண்டே மணி நேரம்; ஏனெனில் சுருட்டுப் பிடித்துப் பொழுதைக் கழிப்பவர் எவருமில்லை! தீங்கு செய்பவரை வெளியே விட்டுத் தீங்கற்றவரைப் பூட்டி வைப்பது என்ன நியாயம் என்பதே கதையின் கேள்வி. சிரித்துக்கொண்டே படிக்கிறோம், முடித்ததும் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது.

கனவோடு அவர் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 1909-இல் கணவர் மறைந்தார். பெண்கள் பள்ளிக்கென அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு, அவ்வாண்டே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துப் பூசலால் ஊரை விட்டு வர நேர்ந்தது. 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். முகத்திரையை ஏளனம் செய்தவர், தாமே பர்தா அணிந்து வீடு வீடாய்ச் சென்று பெண்களைப் படிக்க அனுப்புமாறு வேண்டினார். பள்ளி வண்டியை இறுக மூடினால் சிறுமியர் மயங்கினர். சற்றே திறந்தால் வசைக் கடிதங்கள் வந்தன. இரண்டையும் பொறுத்தார்.

1916-இல் முசுலிம் மாதர் சங்கம் ஒன்றை நிறுவினார். 1924-இல் பத்மராகம் என்னும் நாவலை எழுதி, விளக்கேற்றிய அந்த அண்ணனுக்கே காணிக்கையாக்கினார். 1931-இல் வெளிவந்த அபரோத்பாசினி என்னும் நூலில் திரைமறைவு வாழ்வின் கொடுமைகளை 47 சிறு நிகழ்ச்சிகளாகத் தொகுத்தார். 1932 டிசம்பர் 9-ஆம் நாள் மறைந்தார். அவர் மேசைமேல் கிடந்தது, பெண்ணுரிமை பற்றிய முடிவுறாத கட்டுரை. அந்நாளை வங்கதேசம் ரொக்கேயா நாளாகக் கொண்டாடுகிறது.

நிற்க, என் கதைக்கு வருகிறேன். என் தங்கை மேல்நிலைப் படிப்பை முடித்தபோது, கல்லூரி தொலைவு, பேருந்தில் நெரிசல், வீட்டோடு இருக்கட்டும் என்றார்கள் பெரியவர்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். ஓராண்டு அவளுக்கு வீணாயிற்று. பல்கலைக்கழகத்தில் பெண்கல்வி பற்றி மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவன் நான்!

இபுராகீம் மேடை ஏறியவர் அல்லர். ஒரு விளக்கை ஏற்றினார், அவ்வளவே. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்று அப்பாவிடம் பேசினேன். காலையில் அவளைப் பேருந்து ஏற்றிவிடும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். இன்று அவள் வேதியியல் படிக்கிறாள். இழந்த ஓராண்டை அவள் எனக்கு நினைவூட்டுவதில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

தோழர்களே, நம் வீடுகளிலும் ஒரு தங்கை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். செய்தித்தாளைக் கீழே வைப்போம்.