ஜி.டி. நாயுடு: பள்ளிக்கூடமே பிடிக்காதவர் கல்லூரி தொடங்கியது ஏன்?

கோவை அவிநாசி சாலையில் 2025ல் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. பலருக்கு அவர் மோட்டார் செய்தவர், ரேசர் செய்தவர். ஆனால் மனுஷன் எப்படிக் கத்துக்கிறான் என்ற கேள்விக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

யார் இவர்?

1893 மார்ச் 23 அன்று சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குக் கசப்பு. படிப்பு பாதியில் நின்றது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் வண்டி ஓடுவது எப்படி? கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்பவும் மாட்டினார்.

இதில் என்ன விசேஷம்?

உயிர்கள் எப்படிக் கற்கின்றன என்று உளவியலாளர்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவின் தார்ண்டைக், பூனைகளைக் கூண்டில் அடைத்துச் சோதித்து, 1898ல் முடிவுகளை வெளியிட்டார். பூனை கண்டபடி பிராண்டும். எப்படியோ தாழ்ப்பாள் திறக்கும். அடுத்தடுத்த முறை நேரம் குறையும். இது தவறு செய்து தவறு செய்து கற்பது.

ஜெர்மனியின் கோலர், முதல் உலகப்போர் காலத்தில் டெனெரிஃப் தீவில் சிம்பன்சிகளைக் கவனித்தார். எட்டாத உயரத்தில் பழம் தொங்கும். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஏறி அதை எடுக்கும். இது, எதற்கு எது உதவும் என்ற தொடர்பு புரிந்து கற்பது.

நாயுடு கழற்றி மாட்டியதில் இந்த இரண்டும் உண்டு. கை தடுமாறும், எந்த பாகம் எதை இயக்குகிறது என்பதும் பிடிபடும்.

திருப்பூரில் என்ன நடந்தது?

பஞ்சு வியாபாரத்தை அவர் தொடங்கியது திருப்பூரில்தான். நல்ல லாபம் பார்த்தார். அந்தத் துணிச்சலில் பம்பாய் போனவர், அங்கே பணத்தை இழந்தார். ஒரு ஊரில் படித்த பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

திரும்பி வந்து, 1920ல் பொள்ளாச்சி – பழனி இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். முதலில் அவரே ஓட்டினார். 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உருவாக்கியது, இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாராகக் கருதப்படுகிறது.

கல்லூரி எதற்கு?

1945ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக அவர் காரணமானார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. படிப்பு வேண்டாம் என்பது அவர் கட்சி அல்ல. கை படாத படிப்புதான் வீண் என்றார். நாலு வருஷப் பொறியியல் பாடத்தை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என வாதாடினார். அரசு ஏற்கவில்லை. பொறுப்பிலிருந்து விலகினார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

இன்றைக்கும் ஏன் முக்கியம்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கைமடியாகச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்தே ஓவர்லாக் மிஷின் ஓட்டக் கற்றவர்கள் ஏராளம். அந்தத் திறமைக்கு மார்க் ஷீட் கிடையாது. அதையும் அறிவு என்று கணக்கில் எடுப்பதா என்பதுதான் நாயுடு அரசோடு போட்ட சண்டை. அது இன்னும் தீரவில்லை.